வைரக்கண்ணுவின் பாஸ்வேர்டு

அரியலூருக்கு மேற்கே இருந்த அந்த சிமெண்ட் ஆலையில் அம்சவள்ளி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. 2004-ஆம் வருடம், ஆடி மாதம். குரும்பலூரிலிருந்து காலை ஆறே முக்கால் டவுன் பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் வந்து, அங்கே பஸ் மாறி, ஆலை கேட்டில் இறங்கும்போது எட்டரை ஆகிவிடும். ஒப்பந்தக்காரர் மூலமாகக் கிடைத்த வேலை. ஆறு மாதம்தான் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பட்டப்படிப்பும், பெரம்பலூரில் படித்த கம்ப்யூட்டர் டிப்ளமாவும் கையில் இருந்தன. நாலு வருடமாக அந்தச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தவளுக்கு ஆறு மாதம் என்பதே பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

ஆலைக்கு அந்த வருடம் ஈ.ஆர்.பி. என்ற புது மென்பொருள் வந்தது. அதுவரை ஸ்டோர்ஸுக்கு ஒரு கணக்கு, பர்ச்சேஸுக்கு ஒரு கணக்கு, மெக்கானிக்கல்காரர்களுக்குத் தனியாக ஒரு நோட்டு என்று ஆளாளுக்கு வைத்திருந்தார்கள். ஒரு உதிரிபாகம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஸ்டோர்ஸுக்கு நடந்துவந்து, ரேக்கில் தொங்கும் அட்டையைப் பார்க்க வேண்டும். இனி அதெல்லாம் வேண்டாம், யார் எந்த ஆபீசில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரே திரை, ஒரே எண் என்றார்கள். சாமான் குறைந்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து வாங்கச் சொல்லிவிடும் என்றார்கள். சென்னையிலிருந்து கன்சல்டன்ட் ஒருவர் வந்து கெஸ்ட் ஹவுசில் தங்கியிருந்தார். அக்டோபர் முதல் தேதிக்குள் ஸ்டோர்ஸில் இருக்கிற இருபத்திரண்டாயிரம் வகைச் சாமானும் கம்ப்யூட்டருக்குள் ஏறியாக வேண்டும். அம்சவள்ளியை எடுத்தது அதற்குத்தான்.

ஸ்டோர்ஸில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி வைரக்கண்ணுவுடையது. ஆண்டிமடத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினெட்டு வருடம் அதே ஸ்டோர்ஸில் இருந்தவர். ஒரே மகளை நெய்வேலியில் கட்டிக்கொடுத்துவிட்டு, அரியலூரில் வாடகை வீட்டில் மனைவி குஞ்சம்மாளோடு இருந்தார். முதல் நாள் மவுஸைக் கையில் கொடுத்தபோது, அதை மேஜையிலிருந்து தூக்கித் திரைக்கு நேராக நீட்டிப் பிடித்தார். அம்சவள்ளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

"சிரிம்மா, சிரி. ரேக்குக்குப் பின்னால கண்ணைக் கட்டி விடு, எந்த போல்ட் எங்க இருக்குன்னு எடுத்துத் தரேன். இந்த எலிக்குட்டிதான் கைக்கு அடங்க மாட்டேங்குது."

ஒரு மாதத்தில் அடங்கியது. ஒற்றை விரலால்தான் அடித்தார் என்றாலும் தப்பில்லாமல் அடித்தார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த மென்பொருளுக்குள் நுழைய ஆளுக்கு ஒரு ஐடி வேண்டும். ஆலை முழுவதுக்கும் இருபத்தைந்து பேருக்குத்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். ஸ்டோர்ஸுக்குக் கிடைத்தது இரண்டு. ஒன்று மேனேஜர் அரவிந்தனுக்கு, இன்னொன்று வைரக்கண்ணுவுக்கு. ஒப்பந்த ஆட்களுக்கு ஐடி கிடையாது. அவரவர் பாஸ்வேர்டை அடுத்தவருக்குச் சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம் என்று அச்சடித்த தாள் ஒன்று கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ஐடி இல்லாமல் அம்சவள்ளி எதை ஏற்ற முடியும் என்று யாரும் கேட்கவில்லை. "வேலை நடக்கணும்ப்பா, பார்த்துக்குங்க" என்று மட்டும் அரவிந்தன் சொல்லிவிட்டுப் போனார்.

வைரக்கண்ணு அவள் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "குஞ்சம்மா, அப்புறம் ஒண்ணு. இங்கிலீஷ்ல. சிரிக்காதே."

அதற்கப்புறம் இரண்டு பேரும் அந்த ஒரே ஐடியில்தான் வேலை செய்தார்கள். வைரக்கண்ணு ரேக் ரேக்காகப் போய் எண்ணி, அழகான கையெழுத்தில் தாளில் எழுதி வருவார். பாதித் தாளை அவர் ஏற்றுவார், பாதியை அவள். அவர் வெளியே போனால் அவள் உட்காருவாள், அவள் எழுந்தால் அவர் உட்காருவார். ஏற்றி முடித்த தாளின் அடியில், சரிபார்த்தேன் என்று வைரக்கண்ணு கையெழுத்துப் போட வேண்டும். ஆரம்பத்தில் அவள் ஏற்றியதை வரிக்கு வரி திரையில் ஒப்பிட்டுப் பார்த்தார். இருபது நாள் பார்த்தும் ஒரு பிழைகூட இல்லை. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அது அவளுக்கு அப்போது பெருமையாக இருந்தது.

செப்டம்பர் பதினேழு, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மாலை அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இதற்கு முன் மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஐந்துக்குள் வீடு சேர்ந்து தலை வாரிப் பூ வைக்க முடியும். அரவிந்தன் பர்மிஷன் கொடுத்தார், ஆனால் பேரிங் தாள்கட்டை முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றார். அவள் மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. ஒரு மணிக்கு அரவை மில்லுக்கான இரும்புப் பந்துகள் ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று வந்தது. வைரக்கண்ணு எடை பார்த்து இறக்க யார்டுக்குப் போனார். போகும்போது, "நான் வர நேரமாவும், நீ என் சீட்டுலயே உக்காந்து அடி. முடிச்சுட்டுக் கெளம்பு. நல்ல சேதியோட வா" என்றார்.

அவள் வேகமாக அடித்தாள். தாளில் அடுத்தடுத்து இரண்டு பேரிங்குகள் இருந்தன. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. எண்ணில்தான் ஒரு இலக்கம் வித்தியாசம். 22332, கையிருப்பு இல்லை. 22232, கையிருப்பு இரண்டு. உள்விட்டமும் இரண்டுக்கும் ஒன்றுதான். வெளிவிட்டம் மட்டும் வேறு. மேல் வரியைப் பிரதியெடுத்துக் கீழே ஒட்டி மாற்றுவது அவள் வழக்கம். அந்த அவசரத்தில் இரண்டு எண்ணிக்கையும் இடம் மாறின. இல்லாத பேரிங்குக்கு இரண்டு என்று ஏறியது, இருக்கிற பேரிங்குக்குப் பூஜ்யம். மூன்று மணிக்கு முன்னால் கட்டு முடிந்தது. மறுநாள் வைரக்கண்ணு வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் தாளைப் பார்க்காமல் அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்ன, புடிச்சுப்போச்சா அவங்களுக்கு?"

"சொல்லி அனுப்புறோம்னாங்கண்ணே."

"அனுப்புவாங்க, அனுப்புவாங்க."

அனுப்பினார்கள். அரியலூரில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த செந்தில்குமார்தான் மாப்பிள்ளை. தை முடிந்து கல்யாணம் என்று பேசினார்கள்.

ஈ.ஆர்.பி. அக்டோபர் முதல் தேதி ஓடத் தொடங்கியது. ரேக்கில் தொங்கிய அட்டைகளை எல்லாம் கழற்றிச் சாக்கில் கட்டிவிட்டார்கள். சில தடுமாற்றங்கள் இருந்தாலும் டிசம்பருக்குள் எல்லோரும் பழகிவிட்டார்கள். அந்த டிசம்பரில்தான் கில்னுக்கு மூச்சு இழுத்துவிடும் ராட்சத விசிறியில் ஒரு சத்தம் கேட்பதாக மெக்கானிக்கல் இன்ஜினியர் சொன்னார். கில்ன் என்பது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கும் நீளமான உருளை. அந்த விசிறி நின்றால் கில்ன் நிற்கும், கில்ன் நின்றால் ஆலையே நின்ற மாதிரி. இன்ஜினியர் தன் மேஜையிலிருந்தே திரையைப் பார்த்தார். 22332, கையிருப்பு இரண்டு. "ஸ்பேர் இருக்கு, அடுத்த ஷட்டவுனுக்கு மாத்திக்கலாம்" என்று விட்டுவிட்டார். கையிருப்பு இருப்பதாகக் காட்டியதால் கம்ப்யூட்டரும் வாங்கச் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்த வாரம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு பேரிங் உடைந்தது. அவசரத்தில் பெயரை மட்டும் பார்த்து ஸ்டோர்ஸிலிருந்து இரண்டு பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். விசிறியின் மேல் பாதியைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதுசைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அது சின்னது. இன்னொரு பெட்டியும் அப்படியே. சரியான பேரிங் வடக்கிலிருந்து லாரியில் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் கில்ன் நின்றது. சூடு இறங்கியதில் உள்ளே அடுக்கியிருந்த செங்கல் பல மீட்டர் தூரத்துக்கு உதிர்ந்துபோனது. ஒப்பந்தக் கூலி ஆட்கள் முந்நூறு பேரை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. கான்ஃபரன்ஸ் அறையில் ஜி.எம்., அரவிந்தன், மெக்கானிக்கல் இன்ஜினியர், சென்னையிலிருந்து திரும்ப வரவழைத்த கன்சல்டன்ட், வைரக்கண்ணு. பழைய தாள்கட்டை எடுத்து வரச் சொன்னதால் அம்சவள்ளியும் உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றாள். தாளைப் பிரித்தார்கள். வைரக்கண்ணு எழுதியது சரியாகவே இருந்தது. கம்ப்யூட்டரில் ஏறியதுதான் தப்பு. ஏற்றியது யார் என்று ஜி.எம். கேட்டார். கன்சல்டன்ட் நாலு தட்டுத் தட்டினார். சுவரில் வெளிச்சமாக ஒரு வரி விழுந்தது. வைரக்கண்ணுவின் ஐடி. 17.09.2004. மணி 13:20.

சுவரோரம் நின்ற அம்சவள்ளி அந்தத் தேதியைத் திரும்பவும் படித்தாள். அந்தக் கணம்வரை இது தன் கையால் நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அந்தத் தேதியை அவள் மறக்க முடியுமா? மணி ஒன்று இருபதுக்கு அந்த நாற்காலியில் யார் இருந்தார்கள், யார்டில் யார் இருந்தார்கள் என்பது படம் பார்க்கிற மாதிரி அவள் கண்முன் வந்தது.

வைரக்கண்ணு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தத் தேதி மற்ற எந்தத் தேதியையும் போலத்தான்.

"நீங்கதான் அடிச்சீங்களா?" என்றார் ஜி.எம்.

"என் ஐடிதானே சார் காட்டுது." அவர் குரல் உள்ளே போயிருந்தது. "அப்ப நான்தான் அடிச்சிருக்கணும். சாப்பாட்டு நேரம். சாப்டுக்கிட்டே அடிச்சேனோ என்னமோ. கண்ணு ஏமாத்திருச்சு போல."

அரவிந்தன் மெதுவாகத் திரும்பி அம்சவள்ளியைப் பார்த்தார். "நீ ஏதாவது இதுல என்ட்ரி போட்டியாம்மா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், வைரக்கண்ணுவைத் தவிர.

"எனக்கு ஐடி கிடையாது சார்" என்றாள் அம்சவள்ளி.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஜி.எம். தலையை ஆட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். வைரக்கண்ணு அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாரோ என்று அவளுக்கு அன்று பஸ்ஸில் ஒரு சந்தேகம் வந்தது. அது உண்மையாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் உண்மையிலேயே தன் கைதான் தப்புச் செய்தது என்று நம்பினார். அடுத்த வாரமே அவர் கண் டாக்டரைத் தேடிப் போனதில் அது தெரிந்துவிட்டது.

அவரை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். திரும்பி வந்தபோது சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஆள் வருகை எழுதும் டைம் ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு ஓடவில்லை. ஆள் பெயரை எழுதிவிட்டு மறுபடியும் கூப்பிட்டு நிறுத்தி, பெயரைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார், ஷிஃப்ட் நேரத்தில் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது என்று புகார் வந்தது. சித்திரையில் அவராகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசி நாள் ஸ்டோர்ஸுக்கு வந்தார். அவள் கழுத்தில் புதுத்தாலி இருந்தது. பார்த்துச் சிரித்தார்.

"கல்யாணத்துக்கு வர முடியலம்மா. யாரு மூஞ்சிலயும் முழிக்க முடியல அப்போ."

அவள் தாலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை பாரு, அம்சா. என்னை மாதிரி ஆயிடாதே."

அவர் கேட்டைத் தாண்டிப் போகும்வரை அவள் ரேக்குகளுக்குப் பின்னால் நின்றாள். கூப்பிடலாம் என்று மூன்று நான்கு தடவை வாய் எடுத்தாள். அப்போது அவள் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அரவிந்தனின் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஆனியில் அவளுக்குச் சொந்தமாக ஒரு ஐடி கிடைத்தது. வைரக்கண்ணுவின் நாற்காலியும் கிடைத்தது.

கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் செந்தில்குமாரிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. முடிஞ்சு போனதை இப்ப எதுக்குக் கிண்டுற? அவரு இந்நேரம் மறந்திருப்பாரு" என்றான். அவர் மறந்திருப்பார் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் இன்னொரு வருடத்தை ஓட்டினாள். வேலையில் நல்ல பெயர் எடுத்தாள். புதிதாக வருகிறவர்களுக்குத் திரையில் எதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்தாள். பழைய பதிவுகளைத் தேடும்போது சில நேரம் வைரக்கண்ணுவின் ஐடி வரிசையாக வந்து நிற்கும். எது அவர் அடித்தது, எது தான் அடித்தது என்று அவளுக்கு மட்டும் தெரியும். வேகமாகக் கீழே தள்ளிவிடுவாள்.

2007, பங்குனி. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் குஞ்சம்மாளைப் பார்த்தாள். ஆளை முதலில் அடையாளம் தெரியவில்லை. குஞ்சம்மாள்தான் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அம்சாதானே? நல்லாருக்கியா? அவரு உன்னைப் பத்திப் பேசாத நாளே இல்ல. அந்தப் பொண்ணு கை பட்டா தப்பே வராதும்பாரு."

"அண்ணன் எப்படி இருக்காங்க, அண்ணி?"

"என்னத்தைச் சொல்ல. ஆண்டிமடத்துல ஒரு முந்திரி வியாபாரிகிட்ட எடை போடுறாரு. ஒவ்வொரு மூட்டையையும் ரெண்டு தடவை ஏத்தி எறக்குறாரு. முதலாளி நல்ல மனுசன், பொறுத்துக்கிறாரு. கூட இருக்கிற ஆளுங்க கேலி பண்றாங்க. வூட்டைப் பூட்டினா தெருக்கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்குறாரு." குஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணுதான் கெட்டுப்போச்சு, அதான் அன்னைக்கு எண்ணை மாத்தி அடிச்சுட்டேன்னு ஒரே புலம்பல். மூணு டாக்டரைப் பாத்தாச்சு. கடைசியா பாத்தவரு, கண்ணுல ஒரு கொறையும் இல்ல, மனசை வுட்டுடாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. இவரு நம்பணுமே."

ஆண்டிமடம் பஸ் வந்தது. குஞ்சம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை கையசைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்சவள்ளி ஆண்டிமடம் போனாள். செந்தில்குமாரிடம் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. முந்திரி அறுவடைக் காலம். வியாபாரியின் கொட்டகை வாசலில் சைக்கிளிலும் டி.வி.எஸ்.ஸிலும் மூட்டைகளோடு ஆட்கள் நின்றார்கள். வைரக்கண்ணு தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு மூட்டையை ஏற்றி, குனிந்து எண்ணைப் பார்த்து, இறக்கி, திரும்ப ஏற்றச் சொன்னார். "இன்னொரு தடவையா, சாமி?" என்று வரிசையில் ஒருவன் சலித்துக்கொண்டான், மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அவளைப் பார்த்ததும்தான் நிமிர்ந்தார்.

"அட, அம்சா! வாம்மா, வா. என்ன இந்தப் பக்கம்?"

வேறு ஆளைத் தராசில் விட்டுவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் மூட்டைகளின் மேல் அவளை உட்கார வைத்தார். குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றாள். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, அந்த பேரிங்கை நீங்க மாத்திப் போடல. நான்தான் போட்டேன்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"செப்டம்பர் பதினேழு. என்னைப் பொண்ணு பாக்க வந்த நாளு. மத்தியானம் ஒண்ணு இருவதுக்கு நீங்க சீட்டுல இல்ல. பந்து லாரி வந்துச்சுன்னு யார்டுக்குப் போனீங்க. என்னை உங்க சீட்டுல உக்காந்து அடிக்கச் சொல்லிட்டுப் போனீங்க."

வைரக்கண்ணுவின் வாய் மெல்ல அசைந்தது. "பந்து லாரி..." என்றார். "ஆமா. டிரைவரு எடைச் சீட்டு கொண்டு வராம தகராறு பண்ணான். ரெண்டு மணிக்கு மேலதான் வந்தேன் அன்னிக்கு." அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சுண்ணே."

தராசுப் பக்கமிருந்து யாரோ எண்ணைச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"சுவத்துல தேதியைக் காட்டினாங்களே, அப்பவே."

"அப்பவேவா."

"வேலை போயிடும்னு பயந்துட்டேன். கல்யாணமும் நின்னுடும்னு நெனச்சேன்."

"ஏம்மா," என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "என்கிட்ட மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வெளியில வந்து தனியாச் சொல்லியிருந்தாலும் நானேதான் ஏத்துக்கிட்டிருப்பேன். என் ஐடி, பாக்காம கையெழுத்துப் போட்டதும் நான். உன்னை வுட்டுக் குடுத்திருக்கவே மாட்டேன். அது நான் செஞ்ச தப்பு, அதைத் தூக்கிச் சுமந்துக்கிட்டுப் போயிருப்பேன். இதை என்னால சுமக்க முடியலம்மா. ரெண்டு வருசமா என் கையையே நான் நம்பல. பேத்தியைத் தூக்கக்கூடப் பயந்தேன், கீழ போட்டுடுவேனோன்னு."

அம்சவள்ளி அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பட்டென்று காலை இழுத்துக்கொண்டார். அவளிடம் அவர் காட்டிய கோபம் அது ஒன்றுதான்.

அதற்குள் குஞ்சம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்துவிட்டாள். அம்சவள்ளியைப் பார்த்து மலர்ந்த முகம், கணவர் சொன்னதைக் கேட்கக் கேட்கச் சுருங்கியது. தூக்கைத் தரையில் வைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னியேடி. அவரு எப்படி இருக்காருன்னு கேட்டியே. அப்பவாவது வாயில வந்துச்சா?"

"அண்ணி..."

"அண்ணின்னு கூப்புடாதே. எந்திரிச்சுப் போயிரு. சோத்துல கைவெக்கிற நேரம், வாயில எதையாவது சொல்லிடப்போறேன்."

வைரக்கண்ணு மனைவியைத் தடுக்கவில்லை. மறுபடியும் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவள்ளி எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் நடந்ததையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, அரவிந்தனிடம் கொடுத்தாள். அவர் இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை இப்ப எதுக்கும்மா எழுதின?"

"அவரு பண்ணாததுக்கு அவரு போனாரு சார்."

"நீ அவர் ஐடியிலதான் அடிச்சேன்னு எனக்குத் தெரியாதா? ஐடியே இல்லாத ஆளு எப்படி அத்தனை சாமானை ஏத்துச்சுன்னு ஜி.எம்.முக்குத் தெரியாதா? அன்னைக்கு உன்னைக் கேட்டேன்ல, ஏன் கேட்டேன்?" அவர் தாளை மேஜையில் வைத்தார். "நீ ஆமான்னு சொல்லியிருந்தா, லைசென்ஸ் ஏன் வாங்கலங்கிற பேச்சு வந்திருக்கும். எங்க எல்லார் தலையும் உருண்டிருக்கும். நீ இல்லைன்னே. எங்களுக்கும் அதுவே போதும்னு ஆயிடுச்சு."

அவர் அதை மேலே அனுப்ப மாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. அன்றே இன்னொரு பிரதி எழுதி, அரியலூர் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத்தபாலில் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். வேலை போகும் என்று நினைத்தாள். போக வேண்டும் என்றுகூட நினைத்தாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். எதிர்காலத்தில் இப்படி நடக்கக் கூடாது, அவ்வளவுதான். வைரக்கண்ணுவுக்கு ஒரு கடிதம், அதன் நகல் ஸ்டோர்ஸுக்கு. 2005-ஆம் வருட சம்பவத்தில் அவர்மீது பதிவான குறிப்பு நீக்கப்படுகிறது என்று மூன்று வரி. வருத்தம் தெரிவித்தோ, திரும்ப வாருங்கள் என்று கூப்பிட்டோ அதில் எதுவும் இல்லை. அவருடைய கடிதம் பழைய அரியலூர் முகவரிக்குப் போய், ஆள் இல்லை என்று ஆலைக்கே திரும்பி வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவள் மறுபடியும் ஆண்டிமடம் போனாள். இந்த முறை வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு குஞ்சம்மாள் வெளியே வந்தாள். வா என்று சொல்லவில்லை.

"கம்பெனில இருந்து அண்ணனுக்குக் கடுதாசி. அவரு மேல இருந்த குறிப்பை எடுத்துட்டாங்க."

குஞ்சம்மாள் கை நீட்டி வாங்கினாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"வேலைக்குக் கூப்புடுறாங்களா?"

"இல்ல."

"ம்."

"அண்ணன் இப்ப எப்படி இருக்காங்க?"

குஞ்சம்மாள் உறையை இடுப்பில் செருகிக்கொண்டாள். படலைச் சாத்திக் கயிற்றை மாட்டிவிட்டு உள்ளே போனாள். வாசல் நிலையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து வைரக்கண்ணுவின் குரல் கேட்டது.

"யாரு வந்தது?"

"தபாலு" என்றாள் குஞ்சம்மாள்.

அம்சவள்ளி இன்னும் கொஞ்ச நேரம் வேலியோரம் நின்றாள். உள்ளே உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.